நாத்தனார் வந்திருந்த குளிர்காலம்

டப்ளின்,
14 அக்டோபர் 1996

மதிப்புக்குரிய இமெல்டாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இது என் இடது கை. வலது கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது, பேருந்தில் யாரோ மறந்துவிட்டுப் போன பை மாதிரி.

இங்கே மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் வாரம் ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறாள். கைக்கும் பயிற்சி, மனதுக்கும் நல்லதாம். யாருக்கு எழுதுவது என்று யோசித்தேன். உங்கள் தம்பி டோனலுக்கு எழுதினால் மாட்டுக் கொட்டகையில் சட்டைப் பையோடு நனைத்துவிடுவார். என் வீட்டில், என் பிள்ளைகளோடு, என் சமையலறையில் இருப்பவர் நீங்கள். அதனால் உங்களுக்கு.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஐந்து வருடம் நாம் ஒரு வாழ்த்து அட்டைகூட அனுப்பிக்கொள்ளவில்லை. ஆகஸ்டில் பக்கவாதம் வந்து நான் விழுந்த மூன்றாம் நாள், யாரும் கூப்பிடாமலே நீங்கள் கோவென்ட்ரியிலிருந்து கப்பலேறி வந்து நின்றீர்கள் என்று டோனல் சொன்னார். அப்போது எனக்கு வாய் திறக்கவில்லை. இப்போதும் பாதிதான் திறக்கிறது. அதனால் எழுதுகிறேன்: நன்றி.

சில விஷயங்கள். சின்னவள் ஓர்லாவுக்கு இடது காது அடிக்கடி வலிக்கும். தொப்பி இல்லாமல் அனுப்பாதீர்கள். தைக், படித்துவிட்டேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். எட்டு வயதுக்கு அவன் நன்றாகப் பொய் சொல்வான். ஊனா மனக்கஷ்டம் வந்தால் சாப்பிட மாட்டாள், கேட்டால் பசியில்லை என்பாள். பதினோரு வயதுதான், ஆனால் பெரிய மனுஷி.

இவ்வளவு எழுத ஒரு முழு மதியம் ஆகிவிட்டது.

இப்படிக்கு,
டெர்வ்லா


கில்ரஷ்,
3 நவம்பர் 1996

அன்புள்ள டெர்வ்லா,

தபால்காரர் உன் கடிதத்தைத் தந்தபோது ஓர்லாவின் கிறுக்கல் என்று நினைத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டேன். பிறகுதான் டப்ளின் முத்திரையைப் பார்த்தேன். மன்னித்துக்கொள்.

நான் கோவென்ட்ரியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் தினமும் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள். இங்கே மூன்று பிள்ளைகளிடம் தோற்றுப்போனேன். தைக் ரொட்டியின் ஓரத்தைத் தின்ன மாட்டான். ஓர்லா ஓரத்தை மட்டும்தான் தின்பாள். சரி, ஒரு ரொட்டியில் இரண்டு பேரையும் சமாளிக்கலாம் என்று பார்த்தால், அவன் கடித்தது தனக்கு வேண்டாம் என்கிறாள்.

ஊனாவைப் பற்றி நீ சொன்னது சரி. ஒரு வாரம் தட்டைத் தள்ளிவிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கு அடை சுட்டு அடுப்பு ஓரத்தில் வைத்துவிட்டு, கொடியில் துணி எடுக்கப் போனேன். வந்து பார்த்தால் மூன்று காணோம். சத்தம் போட்டு நாயைத் திட்டினேன். "நாய் வெளியிலதானே அத்தை இருக்கு" என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து நாய்க்குத் தனியாக மூன்று சுட்டு வைக்கிறேன். நாய் நன்றாகத் தேறி வருகிறது.

சின்ன வகுப்பில் பேன் என்று பள்ளியிலிருந்து சீட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேன் சீப்போடு உட்கார்ந்தேன். மூன்று தலையும் முடிந்ததும் டோனலைப் பிடித்தேன்.

"நாப்பத்தோரு வயசு ஆளுக்கு எதுக்குப் பேன் சீப்பு?"

"நாலு வயசுலயும் உனக்கு நான்தான் வாரிவிட்டேன். பேசாம குனி."

குனிந்தான். நான்கு பேன் கிடைத்தது. ஒரு வாரமாகப் பிள்ளைகள் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஹாலோவீன் அன்று திராட்சை ரொட்டிக்குள் மோதிரம் வைத்திருந்தேன். அது தைக்கின் துண்டில் வந்தது. மோதிரம் கிடைத்தவருக்கு ஒரு வருடத்துக்குள் கல்யாணம் என்று ஊனா சொன்னதும் அவன் அழ ஆரம்பித்துவிட்டான். "எனக்குக் கல்யாணம் வேணாம் அத்தை, எனக்கு சனிக்கிழமை மேட்ச் இருக்கு!" மோதிரத்தை நானே வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகுதான் மூக்கைத் துடைத்தான். ஆக, அடுத்த ஹாலோவீனுக்குள் எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்க்க வேண்டியது உன் பொறுப்பு.

ஒரே ஒரு குறை. உன் சமையலறை இழுப்பறையில் கத்தரிக்கோல், மெழுகுவர்த்தி, கன்றுக்குட்டி மருந்து, முட்டைக் கரண்டி எல்லாம் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. கை அரிக்கிறது, ஆனால் நான் பிரித்து அடுக்கவில்லை. அது உன் இழுப்பறை.

ஓர்லா காது நலம்.

இமெல்டா


டப்ளின்,
18 நவம்பர் 1996

இமெல்டாவுக்கு,

பக்கத்துப் பண்ணை மிஸஸ் பிரீன் நேற்று என்னைப் பார்க்க வந்தார். நல்லதைச் சொல்வதாக நினைத்து ஒன்று சொன்னார். "கவலைப்படாத டெர்வ்லா, பிள்ளைங்க ஒட்டிக்கிட்டாங்க. டாக்டர் வீட்டுல சின்னவ இமெல்டாவை அம்மான்னு கூப்பிட்டா, நான் என் காதால கேட்டேன்."

நான் தலையாட்டினேன். எனக்கு இப்போது நன்றாக வருவது அதுதான்.

பிள்ளைகள் கடைசியாக இங்கே வந்து ஐந்து வாரம் ஆகிறது. முதல் வாரம் சளி. அடுத்த வாரம் மாடு கன்று போட்டது. பிறகு மழை. நம் ஊரில் மழை பெய்யாத வாரம் எது? டோனல் போனில் காரணம் சொல்கிறார், பின்னால் உங்கள் குரல் கேட்கிறது. நான் நடக்கப் பழகுவதும், வாய் பழகுவதும், இந்தக் கையால் எழுதப் பழகுவதும் யாரிடம் திரும்பிப் போவதற்கு?

என் வீட்டில் எனக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

டெர்வ்லா


கில்ரஷ்,
23 நவம்பர் 1996

டெர்வ்லா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். நான் திருட வரவில்லை. பிறகு பள்ளி விடும் நேரம் ஆகிவிட்டது, போய்விட்டேன். வந்து பெட்டியை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இப்போது கோபம் இல்லாமல் எழுதுகிறேன், அல்லது கொஞ்சம் கோபத்தோடு.

மிஸஸ் பிரீன் சொன்னது உண்மை. ஓர்லா என்னை இரண்டு தடவை அப்படிக் கூப்பிட்டாள். இரண்டாம் தடவை "நான் அத்தைடி கண்ணு" என்று திருத்தினேன். முதல் தடவை திருத்தவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டேன். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

மறைத்தது வேறொன்று. சளியும் இல்லை, மழையும் இல்லை. கடைசியாக உன்னைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, டப்ளின் என்றாலே ஓர்லா மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். ஷூவைக் கழற்றி எறிகிறாள். அவளை விட்டுவிட்டு மற்ற இருவரும் வர மாட்டேன் என்கிறார்கள். உனக்குத் தெரிந்தால் உடைந்துபோவாய் என்று டோனல் அழுதான். நான்தான் மழை என்று சொல்லச் சொன்னேன். அது என் தப்பு.

போன செவ்வாய்க்கிழமை நானும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். என் முழங்காலுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பிஸ்கட் தின்றோம். பிறகு கேட்டேன்.

"அம்மா முகம் கோணலா இருக்குன்னு பயமா?"

"இல்ல."

"பின்ன?"

"அது எங்க அம்மா இல்ல. எங்க அம்மாவுக்கு என் பேரு தெரியும். அவங்களுக்குத் தெரியல. ஓவா, ஓவான்னு வேற யாரையோ கூப்பிடுறாங்க."

டெர்வ்லா, பிள்ளைக்குப் பயம் உன் முகத்தைப் பார்த்து இல்லை. நீ அவளை மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதை நான் அவளுக்கு விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். நான் சொன்னால் ஏறாது. நீதான் சொல்ல வேண்டும், எப்படியாவது.

வரும் சனிக்கிழமை அவளை மட்டும் ரயிலில் கூட்டி வருகிறேன். ஷூவைக் கழற்றினால் தூக்கிக்கொண்டு வருகிறேன். நீ அழக் கூடாது.

இமெல்டா


டப்ளின்,
2 டிசம்பர் 1996

அன்புள்ள இமெல்டா,

நீங்கள் வராந்தாவிலேயே நின்றுவிட்டீர்கள். உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. அவள் ரயிலில் என்ன சொன்னாளோ, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

கோட்டைக் கழற்றாமல் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் கூப்பிட்டேன். வழக்கம்போல "ஓவா" என்றுதான் வந்தது. "என் பேரு அது இல்ல" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

நீங்கள் எழுதியது நினைவில் இருந்ததால் அழவில்லை. எழுதிக் காட்டும் பலகையை எடுத்து, அவள் பெயரைப் பெரிதாக எழுதித் திருப்பிக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே சொல் அது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது என் பேரு."

தலையாட்டினேன்.

"எழுத்து ஏன் சாஞ்சிருக்கு?"

இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

"உனக்குத் தெரியுது. சொல்லத்தான் வரல. அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று தலையாட்டினேன். இமெல்டா, அந்தப் பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், ஏழு வாரமாக அடைத்து வைத்திருந்தது. பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கட்டிலில் ஏறினாள்.

"எங்க கிளாஸ்ல டெக்லனுக்கும் வராது. டீச்சர் திட்ட மாட்டாங்க. வாயைத் திற. நாக்கை மேல ஒட்டு. பல்லுக்குப் பின்னாடி. லா. சொல்லு, லா."

இங்கே படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இரண்டு மாதமாக இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்கள் யாரும் என் வாய்க்குள் விரலை விட்டு நாக்கைத் தள்ளி வைக்கவில்லை. இவள் வைத்தாள். விரலில் ஆரஞ்சுப் பழ வாசனை. எத்தனை தடவை சொன்னோம் என்று தெரியாது. கடைசியில் "ஓ-லா" என்று வந்தது. "ர்" வரவில்லை.

"பரவால்ல," என்றாள். "மீதி அடுத்த வாரம்."

நீங்கள் கதவைத் திறந்தபோது நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தது அதற்குத்தான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று ஊனாவின் கையில் நீங்கள் ஓர் அடி வைத்தீர்கள். நான் சமையலறை நடுவில் நின்று, எல்லார் முன்னாலும், "பிள்ளை பெத்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன். மறுநாள் காலை நீங்கள் கப்பலுக்குப் போய்விட்டீர்கள். இப்போது ஒரு சொல்லைச் சொல்ல நான் படும் பாட்டைப் பார்க்கிறேன். அந்த வாக்கியம் மட்டும் எவ்வளவு சுலபமாக, ஒரு எழுத்துக்கூடத் தடுக்காமல் வந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். மன்னித்துவிடுங்கள். போன கடிதத்தில் கேட்டதற்கும் சேர்த்து.

அன்புடன்,
டெர்வ்லா


கில்ரஷ்,
12 ஜனவரி 1997

அன்புள்ள டெர்வ்லா,

கிறிஸ்துமஸுக்கு நீ நான்கு நாள் வீட்டுக்கு வந்திருந்தாய். நான்கு நாளும் நாம் பன்றித்தொடை வெந்ததா, உருளைக்கிழங்கு போதுமா என்பதைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. உன் கடிதம் அப்போது என் மேலங்கிப் பையிலேயே இருந்தது. நேரில் அதைப் பற்றிப் பேச எனக்கு வெட்கம். எழுதுவது சுலபமாக இருக்கிறது.

அந்தப் பழைய கிறிஸ்துமஸ் அன்று ஊனா கொதிக்கிற கெட்டிலின் வயரைப் பிடித்து இழுத்தாள். நீ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். பயத்தில் அடித்துவிட்டேன். அதை அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். அதைச் சொல்லாமல் ஐந்து வருடம் ரோஷத்தை வைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு மட்டும்தான் வாய் வராது என்று நினைக்காதே.

நீ சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது. எனக்குத் தெரியாதுதான். இந்தக் குளிர்காலத்தில்தான் தெரிந்துகொண்டேன். அடுப்புக்கு மேலே கம்பியில் ஈரச் சாக்ஸைப் போடும்போது எது யாருடையது என்று பார்க்காமலே கைக்குத் தெரிகிறது. ஹர்லிங் மட்டைப்பந்து மைதானத்தில் முப்பது பையன்கள் ஒரே சேற்றில் ஓடினாலும் நம்ம பையன் எவன் என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. இதெல்லாம் எனக்கு எப்படிக் கிடைத்திருக்கும்? உன் கஷ்டத்தில் எனக்குக் கிடைத்தது. அதற்கு நன்றி சொன்னால் தப்பாகத் தோன்றும், சொல்லாவிட்டாலும் தப்பு.

பிப்ரவரி 7 அன்று உன்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று டோனல் சொன்னான். நான் 6 ஆம் தேதி கிளம்புகிறேன். யோசித்துத்தான் சொல்கிறேன். அடுப்பு முன்னால் இரண்டு பெண்கள் நின்றால், பழக்கத்தில் பிள்ளைகள் என்னிடம்தான் வருவார்கள். அதை நீ பார்க்க வேண்டாம். எனக்கும் கோவென்ட்ரியில் வேலை காத்திருக்கிறது. மாதா கோயில் பாட்டுக்குழுவில் நான் இல்லாமல் கீழ்க்குரல் பாடுவதற்கு ஒரே ஒரு ஆள், அவளுக்கும் மூச்சிரைப்பு. என்னைப் பாவப்பட்டவள் என்று நினைக்காதே. எனக்கு அங்கே நல்ல வாழ்க்கை இருக்கிறது.

பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை.

இமெல்டா


டப்ளின்,
19 ஜனவரி 1997

அன்புள்ள இமெல்டா,

போங்கள். தடுக்க மாட்டேன். ஆனால் நான் வருவதற்கு முந்தின நாள் போகாதீர்கள்.

நான் உள்ளே நுழையும்போது நீங்கள் இல்லாவிட்டால், அம்மா வந்ததால் அத்தை போய்விட்டாள் என்றுதான் மூன்று பேரும் நினைப்பார்கள். அந்தக் கணக்கோடு என்னால் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது. பத்து நாள் இருங்கள். பிள்ளைகள் உங்களிடம் வரட்டும், நான் பார்க்கிறேன். பொறாமை வந்தால் வரட்டும். அதையும் சேர்த்துத்தான் நான் வீட்டுக்கு வர வேண்டும். ஒரு கையால் ஷூ லேஸ் கட்ட எனக்குத் தெரியாது. தைக்கின் வயிற்றுவலி எது நிஜம், எது ஐரிஷ் பாடத்து வயிற்றுவலி என்று இந்த ஐந்து மாதத்தில் உங்களுக்குத்தான் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.

பிறகு எல்லார் முன்னாலும், பகலில், வாசலில் நின்று விடைபெறுங்கள். அவர்கள் அழட்டும். உங்களுக்காக அழாத பிள்ளைகளாக அவர்கள் இருந்தால் எனக்குத்தான் அவமானம்.

உங்கள்,
டெர்வ்லா


கில்ரஷ்,
10 மார்ச் 1997

அன்புள்ள இமெல்டா,

நீங்கள் போய் மூன்று வாரம். ஒவ்வொரு ஞாயிறும் எழுத நினைத்தேன். பயிற்சிக்காக எழுதச் சொன்னபோது நேரம் இருந்தது. வீட்டில் யாருக்கு நேரம்?

எல்லாரும் நலம். டோனல் இப்போது முட்டை பொரிக்கிறார். பிள்ளைகள் பணிவாகச் சாப்பிடுகிறார்கள். ஊனா உங்கள் உருளைக்கிழங்கு அடையைச் செய்து பார்த்தாள். அது சட்டியை விட்டு வர மறுத்துவிட்டது, கரண்டி வளைந்ததுதான் மிச்சம். அளவை எழுதி அனுப்புங்கள். காலையில் மிஸஸ் பிரீன் மூவரையும் காரில் ஏற்றிக்கொள்கிறார். மதியம் நான் கைத்தடியோடு பாதி வழி நடந்து போய் எதிர்கொள்கிறேன்.

இன்று நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன். தைக் விளையாட்டு நேரத்தில் மதில்மேல் ஏறி விழுந்து தாடை கிழிந்துவிட்டது. டோனல் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். பிரீன் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நான் கோட்டை ஒரு கையில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பாதி வழி என்பது முழு வழியாயிற்று. மழை தூறல். வழியில் எங்கே உட்கார்ந்தால் மறுபடி எழ முடியாது என்று தெரியும், அதனால் உட்காரவில்லை.

ஆசிரியர் அறையில் அவனைத் துண்டால் தாடையைப் பிடித்தபடி உட்கார வைத்திருந்தார்கள். சட்டையெல்லாம் ரத்தம். ஊனாவும் ஓர்லாவும் இரண்டு பக்கமும் காவல். நான் கதவைத் திறந்ததும், அவன் என்னைப் பார்த்தான், வாயை அகலத் திறந்தான், கத்தினான்.

"எனக்கு இமெல்டா அத்தை வேணும்!"

கான்சிடைன் டீச்சர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊனா அவன் விலாவில் முழங்கையால் இடித்தாள். எல்லாரும் எனக்காக வருத்தப்படுவது தெரிந்தது.

நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கினேன். அவசரப்படாமல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"எனக்கும்... தான்டா... வேணும்."

அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். "உனக்குமா?" என்றான். "பின்ன?" என்றேன். ரத்தமும் சளியுமாக அப்படியே என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். டாக்டர் வந்து இரண்டு தையல் போடும் வரை இடது கையால் அவன் தலையைப் பிடித்திருந்தேன். அவன் அசையவில்லை.

இப்போது அடுப்புப் பக்கத்தில் தூங்குகிறான். மற்ற இருவரும் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். நிஜ நாய் மேசைக்கு அடியில்.

ஈஸ்டருக்கு வாருங்கள். உதவிக்கு இல்லை. நாங்கள் நால்வரும் கேட்கிறோம், டோனலைச் சேர்த்தால் ஐவர்.

உங்கள்,
டெர்வ்லா